கூப்பிட்டா வருவான்

சித்த அக்கட்டால தள்ளி உக்காருங்க. பையை நான் மடியில வெச்சுக்கறேன், பரவாயில்லை. கோயமுத்தூருங்களா? நானும் கோயமுத்தூர்தானுங்க. நல்லதாப் போச்சு, பேச்சுத் துணையாச்சு. ஈரோட்டுலருந்து வாயை மூடிட்டு வந்தா எனக்குத் தலை சுத்தும். இதா, கையில எலுமிச்சம்பழம் எந்நேரமும் இருக்கும். மோந்து பாத்துக்கிட்டா கொமட்டாது. உங்களுக்கு வேணுமுங்களா? வேண்டாமா, செரி.

சன்னலோரம் இருக்கறது உங்க பொண்ணுங்களா? காதுல பாட்டை மாட்டிக்கிச்சா, இனி இந்தப் பஸ்ஸே கவுந்தாலும் அதுக்குத் தெரியாது. நல்லதுதான், நாம பேசறது அதுக்குத் தொந்தரவு இல்லை.

அந்தா ரோட்டோரம் போர்டு பாத்தீங்களா? அடுக்குமாடி கட்டறாங்களாம், உச்சியில நின்னு ஊரையே பாக்கலாம்னு எழுதி வெச்சுருக்கறான். எந்த ஊரை? இந்தப் பெருந்துறையவா? கீழ நின்னு பாக்கறப்பவே இந்த ஊர்ல பாக்கறதுக்கு ஒண்ணையும் காணோம், மேல ஏறிப் பாத்தா மட்டும் மொளைச்சுருமாக்கும். உசரமான எடம்னாலே எனக்கு இப்பப் பத்திக்கிட்டு வருதுங்க. காரணம் இருக்குது, சொல்றேன்.

துபாய் போயிருக்கறீங்களா? போகாதீங்க. நான் போயிட்டு வந்தவ, அதனால சொல்றேன். என்ற பையன் அங்கதான் இருக்கறான். தரணின்னு பேரு. கம்ப்யூட்டர்ல என்னமோ வேலை. அவன் சொல்லுவான், கேக்கறவங்களுக்குத்தான் வெளங்காது. நல்ல பையனுங்க. கூப்பிட்டா வருவான். சின்னதுலருந்தே அப்படித்தான். தெருவுல கிரிக்கெட்டு ஆடிட்டு இருப்பான், நான் வாசல்ல நின்னு 'தரணீ'ன்னு ஒரு சத்தம் குடுத்தாப் போதும், பேட்டைக் கீழ போட்டுட்டு ஓடியாந்துருவான். மத்த பசங்க கெக்கெக்கேன்னு சிரிப்பாங்க. சிரிக்கட்டுமே, அதுகளைக் கூப்பிடறதுக்கு ஊட்டுல நாதி இல்லை.

போன தை மாசம் போன்ல மெதுவா இழுத்தானுங்க. 'அம்மா, ஆபீசுல கூட வேலை செய்யற பொண்ணு ஒண்ணு. நாமக்கல்லுக்காரங்கதான். அவங்கம்மாவும் அப்பாவும் இங்கயே இருக்கறாங்க. நீ ஒருக்கா வந்து பாரு'ங்கறான். பேரு மிருதுளாவாம். பேரைக் கேட்டதுமே எனக்கு ஆகலை. இருந்தாலும் பையன் ஆசையாச் சொல்றான், போயிப் பாத்துட்டு வேண்டாம்னு சொல்லலாம்னு கிளம்புனேன். என்ற ஊட்டுக்காரர் மாட்டை யாரு பாக்கறதுன்னு கழண்டுக்கிட்டாரு. அவரு வந்திருந்தா மட்டும் என்ன, மாட்டைப் பாக்கறாப்லயே எல்லாத்தையும் பாத்துட்டுக் கம்முனு நின்னுருப்பாரு.

நான் பொண்ணு பாக்கற விதமே வேறீங்க. ஊட்டுக்குப் போயி, சொஜ்ஜியைத் தின்னு, காபியக் குடிச்சுட்டு, ஒரு வாரம் கழிச்சு வேண்டாம்னு சொல்றது இருக்குது பாருங்க, அது ஈனத்தனம். நான் கோயில்ல வெச்சுத்தான் பாப்பேன். அவங்க சாமி கும்பிட வந்தாப்ல வருவாங்க, நாங்களும் சாமி கும்பிட வந்தாப்ல போவோம். ரெண்டு பேரும் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்கறதில்லை. பிரகாரம் சுத்தறப்ப ஒரு பார்வை, திருநீறு வாங்கறப்ப ஒரு பார்வை, முடிஞ்சுது. ஆகலைன்னா யாருக்கும் சங்கடமில்லை. முக்கியமா செருப்பு விடறதைப் பாப்பேன். சோடி சேத்து ஓரமா விடற பொண்ணு குடும்பத்துக்கு ஆகும். ஒண்ணு இங்க ஒண்ணு அங்கன்னு உதறிட்டு ஓடற பொண்ணை நான் திரும்பியே பாக்க மாட்டேன். அப்படி எத்தனை பொண்ணைத் தாட்டி விட்டுருப்பேன்னு எனக்கே கணக்கில்லை. எங்களுக்குத் தெரிஞ்சவங்க எல்லாம் பொண்ணு பாக்கறதுன்னா 'துளசிமணியக்காவைக் கூட்டிட்டுப் போங்க'ன்னுதான் சொல்லுவாங்க.

தரணிக்கு அதெல்லாம் பிடிக்கலை. 'அம்மா, அவளை ஊட்டுக்கே கூட்டிட்டு வர்றேன், உக்காந்து பேசு'ங்கறான். பேசறதுக்கு என்னடா இருக்குது, பேசுனா எல்லாருந்தான் நல்லவங்களாத் தெரிவாங்கன்னேன். அங்க கோயில்ல கூட்டம் நெரியும், நிக்க விட மாட்டாங்கன்னான். அப்பறம் அவனே, 'உசரமா ஒரு கட்டடம் இருக்குது, நீயும் இன்னும் பாக்கலை. அங்க வரச் சொல்றேன்'னான். எங்கயோ ஒண்ணு, வரச் சொல்லுன்னேன். ஆனா கண்டிசனாச் சொல்லிட்டேன், 'இதா பாரு, இவதான்னு நீ சாடை காட்டக் கூடாது. விரலை நீட்டக் கூடாது. நானாக் கண்டுபிடிச்சு நானாப் பாத்துக்குவேன்.' அவன் 'அம்மா, அங்க நூறு பொண்ணு நிக்கும்மா'ன்னான். நீ பொறக்கறதுக்கு முன்னாலருந்து பாத்துட்டு இருக்கறேன், போடான்னேன்.

அந்தக் கட்டடத்தைப் பத்திக் கேளுங்க. வரிசைன்னா வரிசை, ரேசன் கடையில நின்னாக்கூடக் கைல அரிசி வாங்கிட்டு வருவோம். கைப்பையத் தொறந்து காட்டுன்னான் ஒருத்தன். உள்ள எலுமிச்சம்பழத்தைப் பாத்துட்டு என் மூஞ்சியப் பாக்கறான். வெடிகுண்டா அது? லிப்டுல ஏத்தி விட்டான். காது ரெண்டும் அடைச்சுப் போச்சு. போன உசுரு திரும்பி வந்தப்ப மேல நிக்கறேன்.

மேல என்ன இருக்குதுன்னு நெனைக்கறீங்க? கடை. பொம்மை விக்கறானுங்க. நம்மூரு மலைக்கோயிலுக்கு மூச்சு வாங்க ஏறுனா மேல சாமியாச்சும் இருக்கும். சுத்தியும் கண்ணாடி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மணலு, அதுக்கு அந்தப் பக்கமும் மணலு. சரி, இவ்வளவு செலவு பண்ணி ஏறுன சனம் அதையாச்சும் பாக்குதா? பூராப் பேரும் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிட்டு, போனைத் தூக்கிப் புடிச்சுத் தன்ற மூஞ்சியப் பாத்துட்டு நிக்கறாங்க. மூஞ்சியப் பாக்கறதுக்கு ஊட்டுல கண்ணாடி இல்லாதவங்களா இவங்க எல்லாம்.

எனக்கு அந்தக் கண்ணாடிக்கிட்டயே போக முடியலை. ரெண்டடி வெச்சதும் பண்ணாரியாத்தா காப்பாத்துன்னு திரும்பிட்டேன். நடுவுல ஒரு பெரிய தூண், அதைக் கட்டிப் புடிச்சுக்கிட்டேன். தரணி கூட நின்னான். 'நீ ஏன்டா இங்க நிக்கறே, அக்கட்டால போ. பொண்ணு ஊட்டுக்காரங்க வர்ற நேரத்துல இளிச்சுட்டு நின்னா கேவலமா இருக்கும்'னு தாட்டி விட்டேன். அவன் அந்தக் கோடியில போயிக் கண்ணாடியோரம் நின்னுக்கிட்டான்.

நின்ன எடத்துலருந்தே ஒரு நோட்டம் விட்டேன். ஒரே நிமிசம், கண்டுபிடிச்சுட்டேன். அப்பன், ஆத்தா, பொண்ணு. ஆத்தாக்காரி காதுல சிமிக்கி தொங்கோ தொங்குன்னு தொங்குது. பொண்ணு பச்சைப் பட்டுச் சேலை, தலை நிறைய பூ. கட்டடம் பாக்க எவ பட்டுச் சேலை கட்டிட்டு வருவா? நமக்குக் காட்டறதுக்குத்தானே? அந்தப் பொண்ணும் சும்மாச் சும்மா என்னையே திரும்பிப் பாக்குது. நான் அப்படி முறைச்சுட்டு நின்னா யாருதான் திரும்பிப் பாக்க மாட்டாங்கன்னு என்ற பையன் அப்பறம் சொன்னான். அது வேற கதை.

பாத்ததுமே மனசுக்குள்ள கிழிச்சுப் போட்டுட்டேன். நடையில அடக்கமில்லை. அப்பனைத் தள்ளி நில்லுன்னு கையைக் காட்டுது. ஆத்தாக்கிட்ட ஐஸ்கிரீமுக்குக் கையை நீட்டுது. செருப்புத்தான் பாக்க முடியலை, அங்க கழட்டறதே இல்லையே. சேலைக்கடியில கண்ணை விட்டுப் பாத்தேன், குதிகால்ல பித்தவெடிப்பு.

அந்நேரம் பாத்து என்ற கையிலருந்து எலுமிச்சம்பழம் நழுவிருச்சு. உருண்டு நேராக் கண்ணாடியோரம் போயி நின்னுக்கிச்சு. எனக்கு அதை எடுக்கவும் முடியலை, விடவும் முடியலை. தலை கிர்ருங்குது. அப்ப பேண்ட்டு போட்ட பொண்ணு ஒண்ணு ஓடிப் போயி எடுத்துட்டு வந்து, துடைச்சு என்ற கையில குடுத்துது. 'ஏனுங்க ஆன்ட்டி, தலை சுத்துதா, உக்காந்துக்கங்க'ன்னு ஒரு பெஞ்சுல உக்கார வெச்சுது. தண்ணி குடுத்துது. தமிழ்ப் பொண்ணு, தனியாத்தான் வந்திருந்துது. அம்மாவுக்கு முட்டி வலி, அப்பாவும் அம்மாவும் கீழ உக்காந்திருக்கறாங்கன்னுது. என்னைப் பாத்துச் சிரிச்சுது. என்னமோ சொல்ல வந்துது. நான் சொல்ல விட்டாத்தானே.

பேச ஆளு கிடைச்சா நான் விடுவனுங்களா? 'அம்மணி, நீயே பாத்துச் சொல்லு, அந்தப் பச்சைச் சேலை எப்படி இருக்குது?'ன்னேன். யாருங்க அதுன்னுது. 'என்ற பையனுக்குப் பாக்க வந்த பொண்ணு. நாமக்கல்லாம். மிருதுளாவாம்'னேன். அது வாயில இருந்த சிரிப்பு அப்படியே நின்னு போச்சு. அந்தக் கோடியில தரணியத் திரும்பிப் பாத்துது, என்னையப் பாத்துது, கம்முனு என்ற பக்கத்துல உக்காந்துக்கிச்சு. நான் என்னடான்னு கூட ரோசிக்கலை. கேக்கறதுக்கு ஒரு ஆளு உக்காந்துருச்சுங்கற சந்தோசம் எனக்கு.

என்ன சொன்னேன்? உள்ளதைத்தான் சொன்னேன். அவ ஆபீசுல பக்கத்துச் சீட்டுல உக்காந்தே பையனை வளைச்சுப் போட்டுட்டான்னேன். சம்பளக்காரி, சோத்துக்கு உப்புப் போடத் தெரியாதுன்னேன். வெளிநாட்டுல உக்காந்து பொண்ணை வேலைக்கு அனுப்பித் திங்கற அப்பன் ஆத்தா என்ன சாதிச்சனம்னேன். அது எல்லாத்துக்கும் தலையை ஆட்டுச்சு. அப்பறம் கேட்டுது, 'உங்க பையன் ஆசைப்பட்டுத்தானே வரச் சொன்னாருங்க?'

'ஆசைப்படறதுக்கு என்ன அம்மணி, இது அவனுக்கு மொத ஆசையா?'ன்னேன். காலேசு படிக்கறப்ப ஒருத்தி இருந்தா, அந்தக் கதையையும் எடுத்து விட்டேன். ஊட்டுல வந்து அழுதான். நான் ஒண்ணுமே பேசலை, சோறு திங்காமச் சுவத்தைப் பாத்துப் படுத்துக்கிட்டேன். மறுநா காலையில, 'அம்மா, அவகிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன், எந்திரிச்சுச் சாப்பிடு'ன்னு வந்து நின்னான். அதைச் சொல்லி நான் சிரிச்சேன். அந்தப் பொண்ணு சிரிக்கலை. 'அவங்ககிட்ட என்ன காரணம் சொன்னாரு?'ன்னுது. காரணம் என்ன காரணம், போன் பண்ணறதை நிறுத்திப் போட்டான், அவ்வளவுதான்னேன்.

அது என்ற கையில இருந்த எலுமிச்சம்பழத்தையே பாத்துட்டு இருந்துது. அப்பறம், 'இந்தப் பொண்ணையும் நீங்க வேண்டாம்னு சொல்லிட்டா?'ன்னுது.

'விட்டுருவான். நீ வேணும்னாப் பாரு, நான் கூப்பிட்டா எங்க நின்னாலும் வருவான்'னேன். பெருமையாத்தான் சொன்னேன். நீங்களே சொல்லுங்க, இது பெருமை இல்லாம என்னங்க?

அது எந்திரிச்சுது. நேராத் தரணிக்கிட்டப் போச்சு. போயி நின்னு பேசுது, அவன் மூஞ்சி வெளுத்துப் போச்சு. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுது. பச்சைச் சேலைக்காரங்க எல்லாம் பாத்துட்டு நிக்கறாங்க, எவளோ ஒரு பேண்ட்டுக்காரி இவன் முழங்கையைப் புடிச்சுக்கிட்டுப் பேசிட்டு நிக்கறா. வேண்டாம்னு சொல்லப் போறது நாமதான். அதுக்கு முன்னால அவங்க நம்மள வேண்டாம்னு சொல்லிரக் கூடாதில்லீங்களா? 'தரணீ'ன்னு ஒரு சத்தம் குடுத்தேன். அங்க இருந்த வெள்ளைக்காரன் எல்லாம் திரும்பிப் பாத்தான்.

அவன் என்னையப் பாத்தான். அவளைப் பாத்தான். அவ என்னமோ சொன்னா. இவன் கையை மெதுவா உருவிக்கிட்டு என்கிட்ட வந்துட்டான். நான் சொன்னனில்லீங்களா, கூப்பிட்டா வருவான்.

அவ அங்கயே நின்னு பாத்துட்டு இருந்தா. இவன் என்கிட்ட வந்து சேர்ற வரைக்கும் பாத்தா. அப்பறம் திரும்பி லிப்டுப் பக்கம் நடந்தா. ஓடலை, நடந்துதான் போனா.

'யாருடா அவ, அறிவுகெட்டவ, பொண்ணு ஊட்டுக்காரங்க முன்னால'ன்னு ஆரம்பிச்சேன். அவன், 'அதுதாம்மா மிருதுளா'ன்னான்.

அந்தப் பச்சைச் சேலை நெல்லூர்க்காரங்களாமுங்க. தமிழே தெரியாது. காலையில கோயிலுக்குப் போயிட்டு அப்படியே வந்திருக்கறாங்க. நீயெல்லாம் ஒரு பையனா, அவதான்னு முன்னாலயே சொல்றதுக்கென்னன்னு கேட்டேன். 'நீதானேம்மா சாடை காட்டாதேன்னே'ங்கறான். சொன்னா? சொன்னா அப்படியே கேட்டுக்கறதா? எது எதுல தாய் சொல்லைக் கேக்கோணும்னு ஒரு வெவரம் வேண்டாமா இவனுக்கு?

சரி, நான் கூப்பிட்டப்ப அவ என்னடா சொன்னான்னு கேட்டேன். 'இப்பப் போகாதே தரணி, ஒரே ஒரு நிமிசம் என்கூட நில்லுன்னு சொன்னாம்மா'ன்னான். பாருங்க, எப்படிப்பட்டவன்னு. பெத்த தாய் கூப்பிடறா, போகாதேங்கறா. பழத்தை எடுத்துக் குடுத்தா, தண்ணி குடுத்தா, இல்லைங்கலை. ஆனா நான் யாருன்னு தெரிஞ்சே கம்முனு உக்காந்து என்ற வாயைக் கிளறிக் கேட்டுக்கிட்டாளே, அது நல்ல பொண்ணு செய்யற வேலையா? ஒரு வார்த்தை, 'ஆன்ட்டி நாந்தான் மிருதுளா'ன்னு சொல்லியிருந்தா, நான் இவ்வளவும் அவ இல்லாதப்பப் பேசியிருப்பேன்.

அப்பறம்தானுங்க ஒண்ணு நடந்துச்சு. அவன் மறுக்காக் கண்ணாடிக்கிட்டப் போயிட்டான். நெத்தியை அதுல ஒட்ட வெச்சுக்கிட்டுக் கீழயே பாத்துட்டு நின்னான். ரோட்டுல அவ போறது தெரியுதான்னு பாக்கறான் பைத்தியக்காரன். அத்தனை உசரத்துலருந்து கார் எது, மனுசன் எதுன்னே தெரியலை, அவ எங்கிருந்து தெரிவா? 'தரணி, வாடா போலாம்'னேன். வரலை. சத்தமாக் கூப்பிட்டேன். திரும்பலை. தலை சுத்துதுடா, அம்மாவுக்கு முடியலைடான்னேன். தோளு ஆடுச்சு, அழுதான் போல. ஆனா வரலை. நானே போயி இழுத்துட்டு வரலாம்னா, ரெண்டடிக்கு மேல என்ற காலு நகர மாட்டேங்குது. அவன் கண்ணாடியில நிக்கறான், நான் தூணைக் கட்டிப் புடிச்சுட்டு நிக்கறேன். எத்தனை நேரம் நின்னோம்னு தெரியாது. கூட்டம் குறைஞ்சு, வேலைக்காரன் வந்து அவன் தோளைத் தட்டுன பொறகுதான் திரும்புனான்.

அவ்வளவுதானுங்க. அவ வேற ஆபீசுக்குப் போயிட்டாளாம். இவன் போன் எடுத்தாலும், 'அதெல்லாம் விடும்மா'ங்கறான். வேற எதுவும் சொல்றதில்லை. திட்டுனாலாச்சும் நான் திருப்பித் திட்டுவேன், அதுவும் இல்லை. சாப்பிட்டியான்னா சாப்பிட்டேன், தூங்குனியான்னா தூங்குனேன். ஆடிக்கு வாடான்னேன், பாக்கலாம்மான்னான். தீவாளிக்கு வாடான்னேன், பாக்கலாம்மான்னான். அவனுக்குப் புடிக்கும்னு சுட்ட முறுக்கு டப்பாவுலயே நமுத்துப் போச்சு, நான் அதைத் தூக்கிக் கொட்டவும் இல்லை. எங்க ஊட்டு மனுசன், மாட்டுக்காரரு, வாயே தொறக்காதவரு, அன்னைக்கு முறுக்கு டப்பாவப் பாத்துட்டு, 'நீ கூப்பிட்டியே, இன்னும் வரலையா?'ங்கறாரு. கெரகம் புடிச்ச மனுசன்.

அதுக்குன்னு நான் உட்டுருவனா? இன்னைக்கு மருதமலைக் கோயில்ல வெச்சுப் பொண்ணு பாக்க ஒரு எடம் வருது. தம்பி பொண்டாட்டி சொன்ன எடம். பையன்கிட்ட இன்னும் சொல்லலை. மொதல்ல நான் பாத்து முடிவு பண்ணிட்டுக் கூப்பிட்டா, ஓடியாந்துருவான். கோவம் எத்தனை நாளைக்குங்க, பெத்தவ மேல?

ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த எடத்து மேல எனக்குப் பெருசா நம்பிக்கை இல்லை. பஸ்ஸுல ஏறுனதுலருந்து பாத்துட்டே வர்றேன், உங்க பொண்ணு செருப்பை எப்படிக் கழட்டி வெச்சுருக்குது பாருங்க. சோடி சேத்து, சீட்டுக்கடியில, ஓரமா. இந்தக் காலத்துல எந்தப் பொண்ணு இப்படி வெக்குது? என்ன வயசாச்சுங்க? படிப்பு முடிஞ்சுதா? எதுக்கு இப்படி நெளியறீங்க, நான் என்ன தப்பாவா கேட்டுட்டேன்? பையன் தங்கமானவன், நான்தான் எல்லாத்தையும் சொல்லிட்டேனே. நீங்க செரின்னா நாளைக்கே கூப்பிடறேன். கூப்பிட்டா வருவான்.

என்ன அம்மணி? என்கிட்டயா கேக்கறே? இத்தனை நேரமும் காதுல பாட்டு ஓடலையா உனக்கு? சார்ஜ் தீர்ந்து போச்சா? அப்ப எப்பலருந்து கேட்டுட்டு இருக்கறே?

என்ன கேட்டுது உங்க பொண்ணு? நீங்களே சொல்லுங்க, எனக்குக் காது சரியாக் கேக்கலை. 'வருவாரா?'ன்னா கேக்குது?

இந்தக் காலத்துப் பொண்ணுகளுக்கு வாய் எச்சுங்க. நானும் என்னமோ நெனைச்சுட்டேன். சித்த நகருங்க, எனக்குக் காத்து வேணும். எலுமிச்சம்பழம் எங்க போச்சு? கீழ விழுந்துருச்சா? இருங்க, இருங்க, நானே குனிஞ்சு பாத்துக்கறேன், உங்க பொண்ணை எடுக்கச் சொல்லாதீங்க.

குனிஞ்சு பாத்தாத்தானே தெரியுது. செருப்பும் அப்படி ஒண்ணும் சோடியா இல்லீங்க.